கலைத்துப் போட்ட வீடு

அதை எடுக்காதீங்க சார், கிடக்கட்டும். கரண்டிதானே. காலால ஒதுக்கிட்டு அந்த நாற்காலியில உக்காருங்க.

சண்டையா? இல்ல சார். நீங்க கேக்குறதுல தப்பில்ல. வீட்டுக்காரர் முந்தாநாள் ரோட்டுல லாரியில அடிபட்டுப் போயிட்டாரு, விசாரிக்க வந்தா இங்க டிராயரெல்லாம் கவுந்து கிடக்கு. யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. கவுத்தது நான்தான். இன்னைக்குக் காலையில. எழுந்தேன், முகம் கழுவினேன், கை பாட்டுக்குப் போய்க் கவுத்துருச்சு. அதுக்கு அப்புறம்தான் இதை யாரு அடுக்கப் போறாங்கன்னு தோணுச்சு.

அழுகை இன்னும் வரல சார். துக்கத்துக்கு வந்தவங்கெல்லாம் என் மூஞ்சியையே பாத்துட்டுப் போறாங்க. வர்றப்ப வரட்டும்.

அவரு பஸ் டிப்போவுல ஸ்டோர் கீப்பரா இருந்தவரு. நட்டு, போல்ட்டு, பேரிங்குன்னு கண்ணை மூடிக்கிட்டே எடுத்துக் குடுப்பாரு. வீட்டுலயும் அதே கதைதான். கத்தரிக்கோலை ஒரு சாண் தள்ளி வெச்சா போதும், அன்னைக்கு என் பாடு திண்டாட்டம். ஏங்க, கல்யாணம் என்னைப் பண்ணீங்களா, இந்த அலமாரியையான்னு கேட்டிருக்கேன். சிரிக்க மாட்டாரு. பொருள் அதது இடத்துல இருந்தாத்தான் நம்ம மனசும் அது இடத்துல இருக்கும்பாரு.

சாமி கும்பிட மாட்டாரு. நான் கும்பிடுவேன். ஆனா கண்ணை மூடினா அடுப்புல வெச்ச பாலுதான் எனக்கு ஞாபகம் வரும். அவரு டப்பாவுல ஆணியைப் பிரிச்சுப் போடுறப்ப ஒரு முகம் வரும் பாருங்க, அந்த முகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்ல. பொறாமையாக்கூட இருக்கும்.

ஆமா சார், அப்புறம்தான் மறதி வந்துச்சு. மொதல்ல பக்கத்து வீட்டுக்காரங்களை மறந்தாரு, அப்புறம் என்னை. யாரும்மா நீங்கன்னு மரியாதையாத்தான் கேப்பாரு. சில நாள் பயந்துபோய்க் கத்துவாரு, பிடிச்சு உக்கார வைக்க முடியாது. அப்படி ஒருநாள் என் கை பட்டு பட்டன் டப்பா கீழ விழுந்து சிதறிடுச்சு. மனுசன் கத்துறதை நிறுத்திட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாரு. வெள்ளை தனி, கறுப்பு தனி, ரெண்டு ஓட்டை தனி, நாலு ஓட்டை தனி. அதே முகம் சார். நானும் பக்கத்துல உக்காந்து பிரிச்சேன். அப்பத்தான் எனக்கும் மனசு ஒரு இடத்துல நின்னுச்சு.

மறுநாள்லேருந்து நானே கலைக்க ஆரம்பிச்சேன். அவரு எழுந்திரிக்கறதுக்குள்ள அடுக்களை, அலமாரி, துணி எல்லாத்தையும் இழுத்துப் போட்டுருவேன். பொறுமையா அடுக்குவாரு. அடுக்கி முடிச்சா இதை ஸ்டோருன்னு நினைச்சுக்குவாரு. கையைத் தட்டிக்கிட்டு, வேலை முடிஞ்சுது, வீட்டுக்குக் கிளம்புறேன்னு செருப்பை மாட்டுவாரு. நான் வாசல்ல நிப்பேன். வாங்க, வந்துட்டீங்களா, சாப்பிடுங்கன்னு கையைப் பிடிச்சு உள்ள திருப்பிக் கூட்டிட்டு வருவேன். வீடு வந்து சேந்துட்டோம்னு நம்பிச் சாப்பிட உக்காந்துருவாரு. தினமும் இதே கூத்துதான்.

முந்தாநாளா? நான் மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். கலைச்சுப் போட்டுட்டுத்தான் போனேன்.

பொண்ணு இருந்தா. வெளியூருலேருந்து முதல்நாள் ராத்திரிதான் வந்திருந்தா. அவகிட்ட நான் இதெல்லாம் சொன்னதில்ல சார். அப்பா இந்த அளவுக்கு ஆயிட்டாருன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. வீட்டைப் பாத்துட்டு, என்னம்மா இப்படிப் போட்டு வெச்சிருக்கன்னு திட்டினா. அம்மாவுக்கு முடியல போலன்னு பாவப்பட்டிருக்கா. நான் அந்தப்பக்கம் போனதும், அப்பா எழுந்திரிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் அடுக்கி, துடைச்சு, பளிச்சுன்னு ஆக்கிட்டா.

அவரு எழுந்து வந்து ஒவ்வொண்ணா பாத்தாராம். அலமாரியைத் தொட்டுப் பாத்தாராம். அவ தலையைத் தடவி, வேலை முடிஞ்சுதும்மா, வீட்டுக்குப் போறேன்னு சிரிச்சாராம். ஏதோ உளறுறாருன்னு நினைச்சு, சரிப்பான்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டா.

அவளுக்கு இன்னும் விளங்கல சார். அப்பா கடைசியா என்னைப் பாத்துச் சிரிச்சாரு, வீடு சுத்தமா இருந்தது அவருக்குப் பிடிச்சுதுன்னு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு இருக்கா. இப்ப அவ கையில இருக்கறது அது ஒண்ணுதான்.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, உள்ள தூங்குறா. கதவைத் தாழ் போடாம நான்தான் கடைக்குப் போயிட்டேன்னு எழுதிக்கோங்க சார். கையெழுத்து எங்க போடணும்?