நிலாச் சாமரத்துக்கு ஒன்றரை நட்சத்திரம்

படம் பார்க்கும்போது நான் எதுவும் தின்பதில்லை. இடைவேளையில் ஒரு டீ, அதோடு சரி. மெல்லுகிற சத்தத்தில் வசனம் போய்விடும். ஒரு படத்தைப் பற்றி வாயைத் திறக்கப் போகிறவன் அதற்குத் தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு, ஐயா. நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இல்லை என்பது நீங்கள் எழுதும் தாளில் இருக்க வேண்டும்.

பெயர் தமிழழகன். வயது ஐம்பத்திரண்டு. பெரம்பலூரில் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்வரிசையில் ஆவண எழுத்தர். கிரயம், பாகப்பிரிவினை, திருமணப் பதிவு எல்லாம் எழுதுவேன். சாயங்காலம் கடையை மூடிவிட்டு சினிமா விமர்சனம். முன்பெல்லாம் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். எண்பத்தேழு அனுப்பியதில் இரண்டு வெளிவந்தன, அவற்றில் ஒன்றில் என் பெயர் விட்டுப்போயிருந்தது. இப்போது யூடியூபில் சொந்தச் சானல். கடைக்குள்ளேயே பத்திரக் கட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து பேசிப் பதிவேற்றுவேன். கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு படத்துக்குக்கூட நான் பொய் சொன்னதில்லை.

தை மாதம் 'நிலாச் சாமரம்' வந்தது. பெரம்பலூரில் டிக்கெட் கிடைக்காமல் அரியலூர் போய்ப் பார்த்தேன். ஜமீன்தார் மகளுக்கும் பல்லக்குத் தூக்குகிறவன் மகனுக்கும் காதல். பதினொரு பாட்டு. கண்ணாடியாலேயே ஒரு மாளிகை, அதன் முற்றத்தில் முந்நூறு பேர் ஆட்டம். ஒரே பாட்டுக்குள் கதாநாயகி மூன்று புடவை மாற்றுகிறாள். அந்தப் பையனும் பல்லக்குத் தூக்குகிறவன்தான், ஆனால் சட்டை இல்லாமல் ஆற்றில் இறங்கும்போது தோளில் ஒரு தழும்பு இல்லை. சந்தனம் பூசிய மாதிரி இருக்கிறது தோள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடைசிக் காட்சியைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்பா துப்பாக்கியோடு பாலத்தில் நிற்கிறார். மகள் பாடுகிறாள். இரண்டாவது சரணத்தில் அவர் கை நடுங்குகிறது. மூன்றாவது சரணத்தில் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, தன் சால்வையை எடுத்து அந்தப் பையன் மேல் போர்த்துகிறார். கொட்டகை முழுக்கக் கைதட்டல். என் பக்கத்து இருக்கைக்காரர், நல்ல மீசை வைத்த ஆள், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சலில் கழுத்து வலித்தது.

ஒன்றரை நட்சத்திரம் கொடுத்தேன். பதினான்கு நிமிடம் பேசினேன். முடிவில் சொன்ன வார்த்தைகள் இவை: "நம்ம ஊரு அப்பன் எவனும் இப்படி இறங்க மாட்டான். இறங்குன ஒரே ஒருத்தனக் காட்டுங்க, நான் விமர்சனம் பேசுறதையே விட்டுர்றேன்."

அந்த வீடியோவை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். ஆனால் யாரோ கல்லூரிப் பையன்கள் என் கடைசி வாக்கியத்தை மட்டும் வெட்டியெடுத்து, அந்தச் சால்வைப் பாட்டோடு ஒட்டி, என் தலையில் ஒரு பூவும் வைத்துப் போட்டார்கள். அதை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். டீக்கடையில் நான் போனால் அந்தப் பாட்டை முணுமுணுப்பார்கள். பத்திரம் பதிய வந்த ஒருவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "என்ன சார், எந்த அப்பனாச்சும் இறங்குனானா?" என்றார். இருபத்திரண்டு வருட உழைப்புக்கு எனக்குக் கிடைத்த பெயர் அதுதான். என் மனைவி புஷ்பவல்லிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

அப்போதுதான் சுகன்யாவும் மகேஷும் கடைக்கு வந்தார்கள். கல்யாணத்தைப் பதிய வேண்டும், அதற்கு மனு தயார் செய்ய வேண்டும் என்றார்கள். அவன் அரும்பாவூர்ப் பக்கம், இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவள் அரியலூர்ப் பக்கத்துக் கிராமம், அதே ஆஸ்பத்திரியில் மருந்துக் கவுன்டரில் வேலை. அவள் ஊர்த்தெரு, அவன் காலனி. இந்த இரண்டு மாவட்டத்திலும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், நிலாச் சாமரம் விமர்சனம் நீங்கதானே?" என்றாள்.

இவளும் கேலிக்குத்தான் ஆரம்பிக்கிறாள் என்று நினைத்து, ஆதாரை எடுக்கச் சொன்னேன்.

"முழுசாப் பாத்தேன் சார். அந்தத் தோள்ல தழும்பு இல்லன்னு சொன்னீங்க பாருங்க, இவரு அதக் கேட்டுட்டு ரெண்டு நாளா அதையே பேசிக்கிட்டு இருந்தாரு."

மகேஷ் கொஞ்சம் கூச்சப்பட்டான். "எங்கப்பா செங்கச் சூளையில வேல பாத்தவரு சார். தோளு ரெண்டும் காய்ச்சுப் போயி கெடக்கும். அத்தன பேரு படம் பாத்தாங்க, நீங்க ஒருத்தருதான் அதச் சொன்னீங்க."

நான் எழுந்து போய் மூன்று டீ சொல்லிவிட்டு வந்தேன். என் விமர்சனத்தைப் பற்றி ஒழுங்காகப் பேசியவர்கள் என்று அந்த வருடத்தில் அவர்கள் இருவரைத்தான் சொல்ல முடியும். அதை நான் மறைக்கவில்லை.

டீயைக் குடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "ஆனா கிளைமாக்ஸ் பத்தி நீங்க சொன்னது தப்பு சார். நாங்க வூட்டோட அரியலூர்ல பாத்தோம். சால்வ போத்துற எடத்துல எங்கப்பா அழுதுட்டாங்க."

"சினிமாவுக்கு அழுவுறது வேறம்மா. சொந்தப் பொண்ணுன்னு வந்தா வேற."

"இருக்கலாம் சார். அதான் இப்ப சொல்லாமப் பண்ணிக்கிறோம். ஆனா எங்கப்பா வந்துருவாங்க. எனக்குத் தெரியும்."

'எனக்குத் தெரியும்' என்று அவள் எவ்வளவு லேசாகச் சொன்னாள் என்பதை உங்களுக்கு எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. நான் பதினான்கு நிமிடம் காரண காரியத்தோடு எடுத்துச் சொன்னதை, டீ ஆறுவதற்குள் ஒதுக்கிவிட்டாள். செட்டிகுளம் மலைக்கோயிலில் ஏழரை மணிக்குத் தாலி, பதினொரு மணிக்குப் பெரம்பலூரில் பதிவு என்று தேதி குறித்துக்கொண்டு போனார்கள்.

மனுவில் அப்பா பெயர் அமிர்தலிங்கம் என்று இருந்தது. ஊர்ப் பெயரும் இருந்தது. அதை வைத்து ஒரு போன் நம்பரைக் கண்டுபிடிப்பது என் தொழிலில் பெரிய காரியமில்லை. மறுநாள் அவரைக் கூப்பிட்டு, மகள் சம்பந்தமாக ஒரு விஷயம், நேரில் வாருங்கள் என்றேன். ஒரு தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி அது. உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் நீங்களும் எதிர்பார்ப்பீர்கள். விளைவு என்ன ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நாலு அடி, பெண்ணை உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது, அவசரமாக ஒரு மாப்பிள்ளை. நம் பக்கத்தில் நடப்பது அதுதான். அவ்வளவுதான் நான் நினைத்தது.

அவர் வந்தார். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற விவசாயி, ஒல்லியான மனிதர். சொன்னதையெல்லாம் கேட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மனுவில் ஒட்டியிருந்த மகேஷின் போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பய குடிப்பானா சார்?"

"எனக்கு எப்படிங்க தெரியும்."

"சிரிக்கிறான் பாருங்க." போட்டோவை விரலால் ஒரு தடவை துடைத்தார். பிறகு, "அந்தப் படம் பாத்துட்டு வந்த அன்னிக்கி, 'நீங்களா இருந்தா என்னப்பா பண்ணுவீங்க'ன்னு கேட்டுச்சு. சினிமாதானேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். எதுக்குக் கேட்டுச்சுன்னு எனக்குப் புரியாமயா இருக்கும்? அதுலேருந்து மனசே சரியில்ல" என்றார்.

"ஊருல தலகாட்ட முடியாதுங்க. நல்லா யோசிச்சுக்கங்க," என்றேன். இதை நான் இரண்டு முறை சொன்னேன்.

"காறித் துப்புவானுவ. துப்பட்டும். எனக்கு இருக்குறது ஒத்தப் புள்ள." மனுவைப் பத்திரமாக என் மேசைமேல் வைத்தார். "நானே ஒரு மால வாங்கிட்டுக் கோயிலுக்கு வந்துர்றேன். அதுங்ககிட்ட சொல்லிறாதீங்க, பயந்துக்கிட்டு வேற எங்கயாச்சும் ஓடிருங்க. எந்தம்பி கருப்பண்ணனுக்கு மட்டும் காதுல விழுந்துறக் கூடாது சார். லாரி வச்சிருக்கான். அவன் ஒரு மாதிரி. வெட்டுறதுக்கும் அஞ்ச மாட்டான்."

போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க கூப்புட்டுச் சொன்னதால ஆச்சு. நல்லா இருப்பீங்க சார்."

அவர் போன பிறகு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாலம் இல்லை, பாட்டு இல்லை, சால்வை இல்லை. ஒரு பெண் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள், அந்த ஆள் இறங்கிவிட்டார். இதில் என்ன தர்க்கம் இருக்கிறது? ஒரு விதிவிலக்கை வைத்துப் பொதுவான உண்மையை மறுக்க முடியாது என்று படித்தவர்களுக்குத் தெரியும். இரண்டு லட்சம் பேருக்குத் தெரியுமா? மாலையோடு அப்பா நிற்கிற போட்டோவை அந்தப் பெண் என் வீடியோவுக்குக் கீழே போட்டால் போதும். 'ஒருத்தனக் காட்டுங்க' என்று கேட்டது நான்தான். காட்டிவிடுவார்கள். அதன் பிறகு நான் என்ன பேசுவது, எந்த முகத்தோடு பேசுவது?

கல்யாணத்தன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சுகன்யா கொடுத்த வாக்குமூலத்தை நீங்களே எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அமிர்தலிங்கம் சொன்னபடியே மாலையோடு மலையேறி வந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் மகேஷ் அவளுக்கு முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றானாம், அடிக்க வருகிறார் என்று நினைத்து. அவர் மாலையை அவன் கழுத்தில் போட்டதும் அவன்தான் முதலில் அழுதானாம். கோயில் வாசலில் மூன்று பேரும் பொங்கல் சாப்பிட்டார்கள். பிறகு அவர்கள் பைக்கில் முன்னால் போக, அவர் தன் மொபெட்டில் பின்னால் வந்தார். மெயின் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, எதிரே வந்த டிப்பர் லாரி சாலையை விட்டு இறங்கி பைக் மேல் ஏறியது. மகேஷ் அங்கேயே முடிந்துவிட்டான். சுகன்யாவுக்கு இடுப்பெலும்பும் வலது காலும் போய்விட்டன. அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது.

லாரியை ஓட்டியவன் கருப்பண்ணன். அவனைப் பிடித்துவிட்டீர்கள். தம்பிக்குத் தகவல் கொடுத்தது அமிர்தலிங்கம்தான், மாலை போட்டதெல்லாம் நாடகம் என்று ஊரே பேசுகிறது. உங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததால்தான் அவரை மூன்று நாளாக இங்கே உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பதை உள்ளே வரும்போது பார்த்தேன். எனக்கு வணக்கம் வைத்தார்.

நீங்கள் எனக்கு முன்னால் வைத்திருக்கிற தாளில் என் போனிலிருந்து போன இரண்டு அழைப்புகள் இருக்கின்றன. முதல் அழைப்பு அமிர்தலிங்கத்துக்கு. அதை விளக்கிவிட்டேன். அடுத்தது, கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை, பத்தே கால் மணிக்கு. அது கருப்பண்ணனுக்கு.

உங்க அண்ணன் மகளுக்கு நாளைக்குக் கல்யாணம், உங்க அண்ணனே மாலை வாங்கிக்கொண்டு போகிறார் என்றேன். அவன் கத்தவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை. மூன்றே கேள்விதான் கேட்டான்.

"எத்தன மணிக்கு எறங்குவாங்க?"

"எட்டரைக்கு மேல."

"எந்த ரோடு?"

"செட்டிகுளத்துலேருந்து மெயின் ரோட்டுக்கு வர்ற ரோடு."

"வண்டி?"

"பைக்கு. நீலக் கலரு."

இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறவன் நான். ஒருவன் எதற்காக எதைக் கேட்கிறான் என்று எனக்குப் புரியாமல் இருக்காது. கல்யாணத்தை நிறுத்த வருகிறவன் கோயில் எது என்றுதான் கேட்பான். இவன் ரோட்டையும் வண்டியின் நிறத்தையும் கேட்டான். கேட்டதற்கு நான் சரியான பதிலைச் சொன்னேன். ஆகவே அமிர்தலிங்கத்தை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. மகேஷ் நல்ல ரசிகன், அந்த மாதிரி ஆட்கள் கிடைப்பது கஷ்டம். ஆனால் ஒன்றை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பாட்டையும் கண்ணாடி மாளிகையையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், நம் மண்ணில் இந்தக் கதை இப்படித்தான் முடியும் என்று நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். அன்று மத்தியானம் செய்தி வந்ததும் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு என் விமர்சனத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை கேட்டேன். ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.