பிள்ளைகள் உங்களிடம் மட்டுமே சொன்னார்கள்

கிரிவலப் பாதையோரம் நிற்கும் எங்கள் நடுநிலைப் பள்ளியில் கணக்கைக் கற்பித்து, கனிவைக் கடைப்பிடித்து, குறைவாகப் பேசி நிறைவாகக் கேட்டு, இன்று பணி நிறைவு பெறும் ஆசிரியை ரேணுகாம்பாள் அம்மையாரே! அடி அண்ணாமலை வயல்களைத் தாண்டி நடந்து வரும் பிள்ளைக்கும், செங்கம் சாலை வாடகை வீட்டிலிருந்து வேனில் வந்து இறங்கும் பிள்ளைக்கும் ஒரே முகம் காட்டிய பெருந்தகையே! உங்களோடு பணியாற்றிய நாங்கள் வணங்கி வாசிக்கும் மடல் இது.

இப்படிப்பட்ட மடலில் யாரும் எழுதாத ஒரு சொல்லை முதலிலேயே எழுதிவிடுகிறோம். உங்கள் மீது எங்களுக்குப் பொறாமை. உங்கள் கணக்கு வகுப்பைப் பார்த்து அல்ல. அந்த அளவுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இந்தப் பள்ளியிலேயே உண்டு. மனத்தில் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்த பிள்ளைகள் எங்கள் எல்லோரையும் தாண்டி உங்கள் மேசையருகே போய் நின்றார்களே, அதைப் பார்த்துத்தான்.

தமிழாசிரியர் அப்பாதுரை ஒருநாள் ஆசிரியர் அறையில் வாய்விட்டே கேட்டார்: “கத சொல்றது நானு, பாட்டு பாடறது நானு, முட்டாய் வாங்கித் தர்றதும் நானு. ஏதாவது சொல்லணும்னா மட்டும் இதுங்க உங்ககிட்ட வந்து நிக்குதுங்களே, என்னா டீச்சர் நியாயம்?”

“முட்டாய் வாயை அடைச்சிடுது சார்,” என்றீர்கள். அவர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அவர் மட்டும் கொஞ்சம் கம்மியாகச் சிரித்தார்.

பேசாமல் இருப்பது எங்களில் சிலருக்கும் பழக்கம்தான். ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதையும் ஒரு சொல் இல்லாமல் கழிக்க எங்களாலும் முடியும். ஆனால் எங்கள் மௌனத்தைக் கண்டால் பிள்ளைகள் விலகிப் போகிறார்கள். உங்கள் மௌனத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். ஏன் என்று நெடுநாள் யோசித்தோம். எங்களுடையது எங்களுக்கானது, உங்களுடையது அவர்களுக்கானது என்பதைத் தவிர வேறு விடை கிடைக்கவில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பெயர், வகுப்பு, ஆண்டு எதுவும் இதில் இராது. இப்போது பெரியவளாகிவிட்ட அவள், உங்கள் வழியாகச் சம்மதம் சொல்லி அனுப்பிய அளவே இது.

பௌர்ணமிக்கு மறுநாள் நம் பள்ளி எப்படி இருக்கும் என்பது ஊரறிந்தது. இரவெல்லாம் கடையில் நின்ற பிள்ளைகளும், மலை சுற்றி வந்த பிள்ளைகளும் பாதித் தூக்கத்தில் நொண்டி நொண்டி வருவார்கள். அப்படி ஒரு காலையில் அவளும் நொண்டிக்கொண்டு வந்தாள். “பதினாலு கிலோமீட்டர் வெறுங்கால்ல நடந்தா கொப்புளம் வராதா?” என்று வேடிக்கையாகச் சொல்லிவிட்டு வகுப்பைத் தொடங்கினோம். வேறு ஊர் ஆசிரியர்கள் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பார்கள். இந்த ஊர்க்காரர்களான எங்களுக்கு அந்த நாளில் நொண்டுகிற கால் ஒரு செய்தியே அல்ல.

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். நடந்ததால் வந்த காயம் உள்ளங்காலில் இருக்கும். அவளுக்கு உள்ளங்காலில் ஒன்றும் இல்லை. பாதத்தின் மேற்புறத்தில், கம்பியைக் காய்ச்சி வைத்ததுபோல, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகள்.

யார் செய்தது, ஏன் செய்தது என்று நீங்கள் துருவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். உணவு இடைவேளை முடிவதற்குள் அவளாகவே, தன்னை வளர்ப்பவரின் பெயரைச் சொன்னாள். “யாருக்கும் சொல்லாதீங்க டீச்சர்,” என்றும் சொன்னாள். நாங்களாக இருந்தால் அவள் அழுகையை நிறுத்த உடனே சத்தியம் செய்து கொடுத்திருப்போம். நீங்கள் செய்யவில்லை. “சொல்லாம இருக்க மாட்டேன் கண்ணு. உன்னக் காப்பாத்தறவங்களுக்கு மட்டும் சொல்லுவேன். நீ எந்தத் தப்பும் பண்ணல,” என்றீர்கள். அந்த நேர்மைக்கும் எங்களுக்குப் பொறாமை.

அப்போது தலைமையாசிரியராக இருந்த கோதண்டராமன் ஐயா நல்லவர், பயந்தும் போனார். “ஊர்ல பேரெடுத்த மனுஷன் டீச்சர். கூப்ட்டு நாலு வார்த்த பேசிட்டா திருந்திடுவாரு,” என்றார்.

“கூப்ட்டுப் பேசுனா, சாயங்காலம் அந்தப் புள்ள அதே வீட்டுக்குத்தான் சார் போவணும்,” என்றீர்கள்.

நீங்கள் அங்கேயே நின்று 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தீர்கள். கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொன்னீர்கள். ஊகம் ஒன்றும் சேர்க்கவில்லை. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்கள் வந்து சேரும்வரை அவளோடு வகுப்பறையிலேயே இருந்தீர்கள். அன்று மாலை அவள் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

அதற்கு ஊர் உங்களுக்குக் கொடுத்த பட்டம் ‘போன் டீச்சர்’. “இன்னிக்கி யாரப் புடிச்சிக் குடுத்தீங்க?” என்று ஷேர் ஆட்டோவில் கேட்டார்கள். அந்த மனிதரின் உறவினர்கள் பள்ளி வாசலில் நின்று கத்தினார்கள். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றின. நீங்களோ மறுநாளும் அதே ஆட்டோவில் வந்து, அதே பின்னக் கணக்கைத் தொடர்ந்தீர்கள். கத்தியவர்களில் ஒருவரான ஜோதியம்மாள் பல மாதம் கழித்து, கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்து வந்து, “என் பேத்தியும் ஒருமாதிரி இருக்குதுங்க, கொஞ்சம் பாருங்களேன்,” என்றபோதும் எங்களைத் தாண்டி உங்களிடம்தான் வந்தார்.

அவள் இப்போது எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று ஒவ்வொரு ஆண்டும் உங்களைக் கேட்டோம். “நல்லா இருக்கா,” என்பீர்கள். எந்த ஊர் என்றால் சிரிப்பீர்கள். கெஞ்சினோம், கோபித்தோம், பிறந்தநாள் கேக்கைக் காட்டி ஆசை காட்டினோம். எங்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும் என்பதே எங்களை வாட்டியது. இனி தினமும் பார்த்துக் கேட்கவும் வழியில்லை.

அம்மையாரே! உடல்நலமும் உள்ளநலமும் குறையாமல், பேரப்பிள்ளைகளோடு பல்லாண்டு வாழ்வீர்களாக! வழியில் எங்களைக் கண்டால் நின்று பேசுவீர்களாக! அப்போதும் நாங்கள் விடாமல் கேட்போம். நீங்கள் அந்த இரண்டு சொற்களுக்கு மேல் ஒரு சொல்லும் எங்களிடம் சொல்லாதிருப்பீர்களாக!

இங்ஙனம்,
பொறாமையோடும் பேரன்போடும்,
உங்கள் உடன் பணியாற்றிய
ஆசிரியர்களும் அலுவலர்களும்,
திருவண்ணாமலை.