ஹோல்ட் ஆஃப்

— ஹோல்ட் ஆன்?

— கொஞ்சம் பொறு.

— ஹோல்ட் அப்?

— தாமதம். துப்பாக்கியக் காட்டி வழிப்பறி பண்றதும் அதேதான். ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு ஊரையே ஏமாத்துறாங்க டீச்சர்.

— கட்டுன பொண்டாட்டிய டீச்சர்னு கூப்பிடாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க. ஹோல்ட் யுவர் டங்?

— வாய மூடு. இதத்தான் நீ வீட்ல தினமும்...

— விளையாடாதீங்க. இன்னும் ரெண்டே பேர்தான். அப்புறம் நீங்க.

— வெளிநாட்டு வேலைக்கு இங்கிலீஷ் பரீட்சை எனக்கு. உனக்கு ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?

— ஃபேன் ஓடல... கப்பல்ல ஹோல்ட்னா?

— கப்பல் வயித்துல சரக்கு வைக்கிற இடம். இருபது வருஷமா துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியப் பாரு!

— ஹோல்ட் ஆஃப்?

— பிடிய விடு. தூக்குன சுமைய விட்டுடணும். நீ சொல்லிக்கொடுத்ததுதான். என்ன, சரிதானே?

— போன ரெண்டு தடவையும் இதையா சொன்னீங்க?

— இதத்தான். ரெண்டு தடவையும் ஊத்திக்கிச்சு. இதுவும் போச்சுன்னா, இங்கிலீஷ் தெரியாதவன் வேணாம்னு இங்க இருக்கிற வேலையும் போயிடும். ஆனா கவலையில்ல... வாசல்ல கிளார்க் சொன்னாரு. வெளிநாட்டுல ஆள் பத்தலையாம். எதச் சொன்னாலும் பாஸ் போட்டு அடுத்த வாரமே ஏத்திவிட்டுடுவாங்களாம்.

— எதச் சொன்னாலுமா?

— ஆமா. ஏன் கைய இப்படிப் பிடிக்கிற? வலிக்குது.

— என்னங்க... அங்க கீழ நிக்கிறவன் வாக்கிடாக்கியில ஹோல்ட் ஆஃப்னு கத்துனா...

— விட்டுடுவேன்.

— விட்டுடாதீங்க! அவன் தலை மேலயே விழும்!

— மெதுவா பேசு.

— அதுக்கு அர்த்தம் அது இல்ல. கிட்ட கொண்டு வராம நிறுத்தி வைன்னு அர்த்தம். நான்... நான் வேணும்னேதான் தப்பா சொல்லிக்கொடுத்தேன். திட்டுங்க. எங்கண்ணன் அதே வெளிநாட்டுத் துறைமுகத்துக்குப் போய்ப் பொணமாப் பெட்டியிலதானே வந்தான்? பயம்ங்க. ஃபெயிலானா கண்ணு முன்னாடியே இருப்பீங்கன்னு நெனச்சேன். இந்தத் தப்போடயே பாஸாகிப் போவீங்கன்னு நெனக்கவே இல்லையே!

— பதினாலாம் நம்பர்! உள்ள வாங்க!

— ஐயோ, உங்களத்தான்.

— தெரியும்.

— போங்க... சரியான அர்த்தத்தச் சொல்லுங்க.

— அர்த்தத்தத்தான் தெரியும்னு சொன்னேன். முதல் தடவையே பரீட்சை வைக்கிறவர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு.

— அப்ப... ரெண்டாவது தடவை?

— நீ சொல்லிக்கொடுத்ததையே சொன்னேன்.

— ஏங்க?

— பதினாலு! ஆள் இருக்காரா இல்லையா?

— உங்கண்ணன் பெட்டியக் கப்பல்லேருந்து இறக்குனது நான்தான். அன்னிக்கு டூட்டி எனக்கு... உன்கிட்ட சொன்னதில்ல. அன்னிலேருந்து எனக்கும் பயம்தான், வெளிய சொல்ல வெக்கம். வேலை போனா போகட்டும், எந்திரி, கூட வா. இவருக்குப் பயமா இருக்கு, வரமாட்டாருன்னு இங்கிலீஷ்ல நீயே சொல்லிடு. அதையாவது தப்பில்லாம சொல்லு.