எதிராளி சொல்வதே கண்

பகடை இல்லாத போர் விளையாட்டு எனக்கு ஒத்துவராது, சார். பெரிய காரணம் எதுவும் இல்லை. சிலருக்குச் சர்க்கரை போடாத டீ இறங்காது, அது மாதிரி.

நீங்கள் என் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருப்பவை பொம்மைகள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். நாங்கள் மினியேச்சர் என்போம். கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள். ஆளுக்கு ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு, தெர்மாகோலில் செய்த வேற்றுக் கோள் ஒன்றில் மோதவிடுவோம். யார் எவ்வளவு தூரம் நகரலாம், யார் சுட்டால் யார் சாவார் என்பதை விதிநூல் சொல்லும். அது இல்லாவிட்டால் கான்ஸ்டபிள் சொன்னதுதான் சரி.

நான் இரும்புலியூர்க்காரன். என்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன். இரவெல்லாம் ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கிறேன். பகலில் தூக்கம் வராமல் கிடந்த நேரங்களில் ஒரு விதிநூல் எழுதினேன். துப்பாக்கி சூடேறுவது, புழுதிக் காற்று, சிப்பாயின் பயம் என எல்லாவற்றுக்கும் அதில் அட்டவணை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கூட்டம் அதைத்தான் ஆடியது. ஏதாவது தகராறு என்றால் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். லேபில் வேலை பார்க்கும் ஜென்சி, "உமேஷ் சொல்லட்டும்ப்பா" என்பாள். வாரம் முழுவதும் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை, சார். அந்த ஒரு நாள் கேட்டார்கள்.

பிரேமைக் கூட்டிவந்தவன் நான்தான். கானத்தூர் மீனவக் குப்பத்துப் பையன். மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. என் அட்டவணைகளைப் பொறுமையாகக் கற்றுக்கொண்டான். மழைக்காலம் முடிவதற்குள் நாலைந்து தாள்களைப் பின் அடித்துக் கொண்டுவந்து நீட்டினான். "சும்மா ஒரு கேம் பண்ணிகீறேன் மச்சான். சிரிக்காத."

ஒளியே இல்லாத கோளில் நடக்கும் சண்டை. பகடை கிடையாது, அளவு நாடாவும் கிடையாது. உன் முறை வந்தால் கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும். எதிராளியிடம் கேள்வி கேட்டுத்தான் உன் சிப்பாயை நகர்த்த முடியும். வலப்பக்கம் என்ன, முன்னால் இடம் இருக்கிறதா என்று நீ கேட்டால் அவன் உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்கத் தெரிந்தவன் ஜெயிப்பான். நியாயமாகச் சொல்கிறேன், நல்ல விதிநூல். அதில் ஒரே ஓட்டைதான் இருந்தது. அன்றைக்கே எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"எதிராளி பொய் சொன்னா என்ன தண்டனை?"

"இன்னாத்துக்கு சொல்லப் போறான்?"

"சொன்னா?"

"மச்சான், எங்கப்பா போட்ல முன்னாடி நின்னுகினு 'பாறை கீது, ஒதுக்கு'ன்னு கத்துவாரு. நான் பின்னாடி என்ஜின் புட்ச்சிகினு இருப்பேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. அவரு பொய் சொன்னா இன்னா தண்டனைன்னு யாரும் எழுதி வைக்கல. வச்சிருந்தா நான் போட்லயே ஏற மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தண்டனை இல்லாத விதி விதியே அல்ல என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு என் நூலை யாரும் எடுக்கவில்லை.

ஜென்சியிடம் காரணம் கேட்டேன். "உன்னோடது நல்லாதான் இருக்கு உமேஷ். ஆனா ஆடுறப்ப ஆபீஸ்ல உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுத் தோளில் தட்டினாள். தட்டாமல் இருந்திருக்கலாம்.

வேளச்சேரியில் விளையாட்டுக் கடை வைத்திருப்பவர் பிரேமின் நூலை அச்சடிக்க முன்வந்தார். முதலில் பெரிய அளவில் ஆடி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். முடிச்சூரில் ஜென்சியின் மாமா கட்டிக்கொண்டிருக்கும் வீட்டு மொட்டை மாடி கிடைத்தது. மாடி முழுவதும் கோள். செங்கல் அடுக்குகள் குன்றுகள். சிப்பாயைக் கையில் ஏந்தி ஆட்டக்காரனே கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பின்பக்கம் கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பவில்லை. ஜென்சி கயிறு கட்டலாம் என்றாள்.

"எதுக்கு? எதிராளி பாத்துகினுதானே இருப்பான். அவன் சொல்வான்" என்றான் பிரேம்.

அன்று எதிராளி நான். வேண்டும் என்று நான் கேட்கவில்லை, சார். "உமேஷ்தான் கரெக்டா சொல்வான்" என்று அவனே என்னைத் தேர்ந்தெடுத்தான்.

மத்தியான வெயில். மாடியில் நாங்கள் மூன்று பேர்தான். ஜென்சி அவன் அணி என்பதால் அவளும் கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நின்றாள். போன் செங்கல் மேல் சாய்ந்து, முன்பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. என் சிப்பாய்களிடமிருந்து தப்பிக்க பிரேம் பின்வாங்கினான். நன்றாக ஆடினான். சிரித்துக்கொண்டே ஆடினான்.

"பின்னாடி இடம் கீதா மச்சான்?"

"இருக்கு, வா."

இரண்டு அடி வைத்து நின்றான். "இன்னும்?"

"இருக்கு."

காலால் தடவிப் பார்ப்பான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் தடவிப் பார்ப்பார்கள். அவன் பார்க்கவில்லை. தளம் முடிந்த இடத்திலும் தெருவில் நடப்பது போலக் காலை வைத்தான். என்னால் பொறுக்க முடியாமல் போனது அதுதான். அப்படி ஓர் ஆட்டம் என்னால் எழுத முடியாது.

நேற்று ஜென்சி உங்களிடம் சொன்னதை வெளியே பெஞ்சில் இருந்து கேட்டேன். "உமேஷ் தூரத்தை தப்பா பாத்திருப்பான் சார். அந்த கேம்ல இதுவரைக்கும் ஒருத்தரும் பொய் சொன்னதே இல்ல" என்றாள். கடைக்காரர் பிரேமின் படத்தை அட்டையில் போட்டு அச்சடிக்கப் போகிறாராம். அதையும் சொல்லி அழுதாள்.

விபத்து என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவனுடைய விதி உடையாத விதியாகவே நின்றிருக்கும். அது பொய், சார். அந்த விதி உடைந்தது. உடைத்தவன் நான். விளிம்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தேதான் வா என்றேன்.

என் விதிநூலையும் வழக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் இந்த ஓட்டை கிடையாது. பொய் சொன்னவன் ஒரு சுற்று ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். அந்தத் தண்டனை போதும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.