அக்கா பேரில் வாங்கிய மாத்திரை

பூவம் போகும் பஸ் கோட்டுச்சேரியைத் தாண்டியிருந்தது. முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஓரகத்திகள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காதை என்ன செய்வது?

“அரிப்பு எனக்குத்தான்னு சொல்லி வாங்கிட்டு வந்திருக்கேன்,” என்றாள் மூத்தவள், தாழ்ந்த குரலில். “தயிராட்டம் வெள்ளைப்படுதுன்னும் சொன்னேன். நீதான் வெளியிலயே நின்னுட்டியே.”

“ஆம்பளை டாக்டருக்கிட்ட எப்படிக்கா சொல்றது? அவரு என்ன சொன்னாரு?”

“காளான் மாதிரி ஒரு கிருமியாம். புதுசா வந்த மாத்திரையாம், தினம் ஒண்ணு முழுங்கணும். சர்க்கரை இருக்கான்னாரு, இல்லைன்னேன். முழுகாம இருக்கீங்களான்னாரு. மூணு பெத்து ஆப்பரேஷனும் பண்ணியாச்சுன்னேன். உடனே எழுதிக் கொடுத்துட்டாரு.”

இளையவள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“முழுகாம இருக்கீங்களான்னு எதுக்குக்கா கேட்டாரு?”

மூத்தவள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“எத்தனை நாளாச்சுடி?”

“நாப்பது நாள். வீட்டுக்காரருக்கிட்டகூட இன்னும் சொல்லலை.”

மூத்தவள் அட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டாள்.

“கண்டக்டர், நிறுத்துங்க!”

“நம்ம ஊரு இன்னும் வரலையேக்கா.”

“டாக்டருக்கிட்டதான் திரும்பிப் போறோம். இந்தத் தடவை நான் வெளியில நிக்கிறேன்.”