ஏழு வயசுக்கு மேல

ராபின்: இந்தக் கல்லை எங்கக்கா தள்ள?

செலினா: இடது பக்கம்டா. அதை நவுத்தினாத்தான் பெரிய பாறை உருளும்.

ராபின்: உங்க ஸ்கூல் லைப்ரரிக்கு கேம் பாத்துச் சொல்ல நான்தான் கெடச்சேனா? வட்டக்கானல்ல நான் வாடகைக்கு விடுற மூணு ரூமுக்கும் கெஸ்ட் வெள்ளனே வந்து நிக்குது...

செலினா: பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா வேண்டாமான்னு நாந்தான் சொல்லணும். நீயும் ஒரு தகப்பன்தான... ஆடிப் பாரு.

ராபின்: சும்மா சொல்லக்கூடாது, கரடிக்குட்டி அழகாத்தான் இருக்கு. அம்மாவைத் தேடிப் போவுதாக்கும்?

செலினா: ம்.

ராபின்: இந்தா, உருண்டுருச்சு! உள்ள அம்மாக்கரடி... அக்கா, இது ஏன் அசையல?

செலினா: நல்லாப் பாரு.

ராபின்: ஐயோ! செத்தா கெடக்கு? திருப்பி ஆடுற பட்டன் எங்க?

செலினா: இல்லடா. அம்மா மேல இலையைப் போத்திட்டு, குட்டி தனியா நடக்கணும். அடுத்த லெவல் ஆத்தைத் தாண்டுறது.

ராபின்: இதையா ஏழு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கான்? படுபாவி! முதல்ல அழி.

செலினா: ஏலே, கத்தாத...

ராபின்: கத்தாம? அடுக்கம் ரோட்டுல பாறை சரிஞ்சு என் ஃபெமினா அடியில கெடந்தப்ப... இந்தக் கையாலதானக்கா ஒவ்வொரு கல்லா புரட்டுனேன்.

செலினா: தெரியும்டா...

ராபின்: பாப்பா கண்ணுல இது படவே கூடாது. அம்மா துபாய்ல வேலை பாக்குறான்னு நம்பிட்டிருக்கா.

செலினா: அடக்கத்தப்ப நாலு வயசு. அதைப் பாக்க வேண்டாம்னு ஆயக்குடியில ஆச்சி வீட்ல விட்டோம், சரி. இப்ப அவளுக்கு ஏழாச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு?

ராபின்: இன்னும் கொஞ்சம் வெவரம் வரட்டும். நானே சொல்லிக்கிறேன்.

செலினா: ராபின்...

ராபின்: என்னக்கா?

செலினா: பாப்பா இதை ஆடி முடிச்சிட்டா.

ராபின்: என்னது!

செலினா: சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தாள்ல... நான் அடுப்படியில இருந்தேன். வந்து பாக்குறேன், இலை போத்திட்டிருக்கா.

ராபின்: அழுதாளா?

செலினா: இல்ல.

ராபின்: எதுவும் கேட்டாளா? சொல்லுக்கா!

செலினா: 'அம்மா மேலயும் இப்படித்தான் கல்லு விழுந்துச்சா அத்தை'ன்னு கேட்டா.

ராபின்: ...யாரு... யாரு சொன்னா அவகிட்ட?

செலினா: க்ளாஸ்ல ஏதோ பிள்ளை. போன வருஷமே.

ராபின்: போன வருஷமா? இருக்காதுக்கா. நேத்து சோறு ஊட்டுறப்பகூட, 'அம்மா போன் பண்ணுனாங்களாப்பா'ன்னு கேட்டாளே! தெனமும் கேக்குறாளே!

செலினா: நானும் அதைத்தான்டா கேட்டேன். 'தெரிஞ்சும் ஏன்டி அப்பாட்ட கேக்குற'ன்னு.

ராபின்: என்ன சொன்னா?

செலினா: 'அப்பாவுக்கு இன்னும் தெரியாது அத்தை. அம்மா துபாய்ல இருக்காங்கன்னே நெனச்சிட்டிருக்காரு. நான் கேக்காம விட்டா கண்டுபிடிச்சிருவாரு... நீங்களும் சொல்லிராதீங்க'ன்னு சொன்னாடா.