வேட்பாளர் மூக்குல ஒரு மணி

சிரிங்கடா, நல்லா சிரிங்க. ஓயாட், உனக்கு இருக்கறதே நாலு பல்லு, பாத்து சிரி. ஆமா, கழுத்துல கெடக்கறது காயிதமணி மாலதான். பொம்பளைங்க போடறதுதான். அதுக்கென்ன இப்போ? கம்பாலாவே மழையில ஒதுங்கி நிக்குது, எவனும் நம்ம வாடகை பைக்குல ஏறப்போறதில்ல. கேளுங்க.

கல்லுடைக்கிற மேட்டுல அச்சிரோ அக்கா வீட்டு முன்னால பாய் விரிச்சிருக்குமே... ஏன் கிடேகா, உடனே தள்ளி உக்காருற? பாய் உன்னக் கடிச்சுதா? ஆமாப்பா, ஹெச்.ஐ.வி. இருக்கறவங்கதான். பழைய காயிதத்த நீட்டு முக்கோணமா வெட்டி, ஊசியில சுத்தி, வார்னிஷ்ல முக்கி, மணியா கோக்கறாங்க. அத வித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுறாங்க. நான் வார்னிஷ் டப்பா கொண்டுபோய்க் குடுப்பேன், வந்துருவேன்.

அங்க ஒரு பொண்ணு. பேரா? சொல்லிட்டாலும்! ஓயாட் வாயி ரேடியோவாச்சே. தெனம் சந்து வரைக்கும் வருவா, நிப்பா, போயிருவா. அந்தப் பாயில உக்காந்தா ஊருக்கே தெரிஞ்சிரும்ல. பயத்துல மாத்திரையையும் நிறுத்திட்டா. ஆளு தொடப்பக்குச்சியா எளைச்சுட்டா. அக்கா கெஞ்சிப் பாத்துச்சு, அதட்டிப் பாத்துச்சு. ம்ஹூம்.

எனக்குப் பொறுக்கல. டப்பாவ வச்சேன், பாய் நடுவுல சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். போன எலெக்‌ஷன் போஸ்டர எடுத்து வெட்டுறேன், எங்க! முக்கோணம் வராமத்தானே பள்ளிக்கூடத்த விட்டே ஓடி வந்தேன். சுத்தி முடிச்சுப் பாத்தா, மணியா அது? மட்டோக்கே வாழக்கா மாதிரி இருக்கு. மேல வேட்பாளரோட மூக்கு. முழு மூக்குடா! ஜெயிச்சதுக்கப்புறம் இந்தாள இவ்ளோ கிட்டத்துல இன்னைக்குத்தான் பாக்குறேங்குது அக்கா.

சந்துல நின்னவ கெக்கெக்கேன்னு சிரிச்சுட்டா. சிரிச்சுக்கிட்டே வந்தா, ஊசியப் புடுங்குனா. அண்ணே, முனைய ஒல்லியா வெட்டணும்ணேன்னு சொல்லிட்டே உக்காந்துட்டா! இத்தன நாளு சந்துல நின்னே தொழிலக் கத்துருக்கா, கள்ளி. இப்போ மாத்திரையும் போடுறா. இது அவ கோத்த மொத மால. கழட்டுவேனா?

என்னது? நான் அங்க உக்காந்தத எவனாவது பாத்திருந்தா, எனக்கும் இருக்குன்னு நெனைச்சுக்குவானா?

நெனைக்கட்டும்டா. இருக்கு. அவளாவது சந்துல நின்னா. நான் டப்பா தூக்கற சாக்குல, பாய்கிட்டயே போயி உக்காராம வந்துக்கிட்டு இருந்தவன்.